பேலியகொடையில் ஒரு யப்பானியக் கத்தி

களனி கங்கையைக் கடந்து பேலியகொடைக்குள் நுழைபவன் இன்று யப்பானியக் கடனிற் கட்டிய பாலமொன்றின் மீதே நுழைகின்றான். 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட பாலம் அது. 1895இல் பிரித்தானியர் தம் அரசியின் பெயரால் இவ்வாற்றின் மேல் இரும்புப் பாலமொன்றை நிறுவினர். அதற்கும் முன், 1822 முதல், தோணிகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலம் இருந்தது. இப்பாலங்களின் வரலாற்றை எழுதினாலே, இந்நாட்டிற்கு இரும்பு எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றின் பாதியை எழுதியவராவோம். மறு பாதி பாலத்துக்கு அப்பால், மீன் சந்தையின் ஈரத் தரையிலே கிடக்கின்றது.

புறக்கோட்டையில் நெடுங்காலம் இயங்கிய செயின்ற் ஜோன்ஸ் மீன் சந்தை 2011ஆம் ஆண்டிலே பேலியகொடைக்கு இடம்பெயர்ந்தது. நள்ளிரவு கடந்ததும் பல கரைகளிலிருந்தும் லொறிகள் இங்கே வந்து சேர்கின்றன. விடிவதற்குள் மொத்த வியாபாரம் பெரும்பாலும் முடிந்துவிடும்; வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பகலிற் குழம்பாகக் கொதிக்கும் மீனிற் பெரும்பகுதி இவ்வழியாகவே வருவது. இத்துணை பெரிய உழைப்புக் களத்தை நாடு முழுவதும் ஒருங்கே நினைத்தது 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில், கொவிட் தொற்று இங்கே பரவியபோதுதான். அன்று ‘பேலியகொடைக் கொத்தணி’ என நோய்க்கே இவ்வூரின் பெயர் சூட்டப்பட்டது. மீன் வெட்டுவோர், சுமப்போர், ஐஸ் உடைப்போர் ஆகியோரின் கூலியைப் பற்றியோ, கையிலுள்ள கருவியைப் பற்றியோ அதற்கு முன் எழுதியோரும் அரியர். பின் எழுதியோரும் அரியர்.

அங்கே பெரிய சூரை மீனொன்றைத் துண்டமிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கத்தி என் கண்ணை ஈர்த்தது. முழங்கை நீளம், முதுகுப்புறம் தடித்துக் கறுத்திருந்தது, வாய் மட்டும் வெள்ளியாய் மின்னிற்று. சுத்தியல் விழுந்த வடுக்கள் அலகின் மேல் அம்மைத் தழும்புபோல் தெரிந்தன. கடைச் சரக்கன்று, கையால் அடித்தது என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கிற்று. எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

“இது யப்பான் கத்தி, சேர்” என்று சொல்லிச் சிரித்தார் அவர். நான் விழிப்பதைக் கண்டு, “யப்பான் லொறியிட ஸ்பிரிங் தகடு. அதைக் கம்மாலையில குடுத்து அடிப்பிச்சது” என்றார்.

“அடித்தவர் யார்?”

“ஆர் கண்டது? எனக்கு முந்தி இதை வச்சிருந்தவர்தான் அடிப்பிச்சவர்.”

யப்பானியக் கத்தி என்றவுடன் இக்காலத்துப் படித்தவர் மனத்தில் எழுவது வேறொரு பொருள். அந்நாட்டின் சாக்காய், எச்சிசென் முதலிய ஊர்களிலே கொல்லர் கையால் அடிக்கும் சமையற் கத்தி இன்று உலகெங்கும் புகழ் பெற்றுள்ளது. மீன் வெட்டத் தடித்த ‘தெபா’, காய்கறிக்கு மெல்லிய ‘நகிரி’, எல்லாவற்றுக்கும் பொதுவாய்ச் ‘சந்தொக்கு’ எனப் பல வகை. சந்தொக்கு என்பது பழம்பெருமை வாய்ந்த கருவியுமன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இறைச்சியும் மீனும் காய்கறியும் ஒரே பலகையில் அரியப்படும் புதிய வீட்டுச் சமையலுக்கெனத் தோன்றியது. போர்வீரனின் வாளுக்குரிய கவர்ச்சி இதற்கு இல்லை. நாள்தோறும் வெங்காயம் அரியும் கருவி இது. ஆயினும் நல்ல கத்தியின் அலகிலே, பிடிக்குச் சற்று முன்பாக, அதனை அடித்த கொல்லனின் அல்லது பட்டறையின் பெயர் உளியாற் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவோன் கத்தியை மட்டுமன்றிப் பெயரையும் விலை கொடுத்து வாங்குகின்றான்.

ஆக, யப்பானியக் கத்திகள் இரண்டு நம் முன் உள்ளன. இரண்டும் கையால் அடித்தவை. இரண்டும் அன்றாடம் உணவுக்காக உழைப்பவை. ஒன்றிலே மனிதனின் பெயர் உண்டு. மற்றதிலே, லொறி பிறந்த நாட்டின் பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது?

இதற்கு ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் விடையொன்று உண்டு. “யப்பானியன் பொறுமைசாலி, தொழிலைத் தெய்வமாகக் கொள்பவன். நம்மவனுக்கு அந்தக் குணம் இல்லை” என்பதே அது. மாணவரும் இதனை நம்பிப் பரீட்சைக் கட்டுரைகளில் எழுதுகின்றனர். இனத்தின் குணத்தால் வரலாற்றை விளக்கும் இவ்விடை, சோம்பலின் விடையாகும். நம் நாட்டான் சோம்பேறி என்று தோட்டத் துரைமார் எழுதி வைத்ததை நாமே நம் வாயாற் சொல்வதற்கு ஒப்பானது. இரும்பின் வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது.

முதலிற் கத்தி எவ்வாறு கத்தியாகின்றது என்பதைப் பார்ப்போம். தனி இரும்பு மென்மையானது; கூர் நில்லாது. அதனோடு சிறிதளவு காபன் சேர்ந்தாலே அது உருக்காகும். உருக்கைச் செங்கனலாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ திடீரென அமிழ்த்தினால் அது கடினமாகும்; இதனையே கொல்லர் தோய்ச்சல் என்பர். காபன் கூடக் கூடக் கூர் நீடித்து நிற்கும். ஆனால் அடி தாங்காது, வாய் உதிரும். சாக்காய்க் கொல்லன் பயன்படுத்தும் உருக்கில் நூற்றுக்கு ஒரு பங்களவு காபன் உண்டு. லொறி ஸ்பிரிங்கில் அதிற் பாதிக்குச் சற்று மேல். யப்பானியன் கடின உருக்கை வாய்ப்புறத்தில் மட்டும் வைத்து, உடலை மென்னிரும்பால் ஆக்கி, இரண்டையும் கனலில் ஒட்ட அடிக்கின்றான். இதுவும் அவனுக்கே உரிய இரகசியமன்று. இரும்புக் கருவியின் வாயில் உருக்கு வைத்து அடிக்கும் முறை நம் கொல்லர்களும் அறிந்ததே. எனவே நுட்பத்தில் இருவருக்கும் பெரும் பேதமில்லை. பேதம் கையிற் கிடைத்த மூலப்பொருளில் உள்ளது. அம்மூலப்பொருள் எவ்வாறு கிடைத்தது, ஏன் கிடைக்காமற் போயிற்று என்பதே நமது கேள்வி.

யப்பானில் பழங்காலத்தே இரும்பு கிடைத்த விதத்தை நோக்குவோம். அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள இசுமோ மலைப்பிரதேசத்தில், ஆற்று மணலிலிருந்து பிரித்தெடுத்த இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து, ‘தத்தரா’ எனப்படும் மண்ணுலையிலே மூன்று பகலும் மூன்று இரவும் ஓயாது எரிப்பர். இப்போது பண்பாட்டுப் பேணலுக்காக நடத்தப்படும் உலையிலே சுமார் 10 தொன் மணலும் 12 தொன் கரியும் செலவாகி, 2½ தொன் கட்டியே கிடைக்கின்றது. அதிலும் வாளுக்குத் தகுந்த உயர்ந்த உருக்கு ஒரு தொன்னும் தேறாது. இதனை எழுதும் உல்லாசப் பயண ஏடுகள் உலையின் செந்தழலை வருணிக்கின்றன. துருத்தியை மிதித்தவனை வருணிப்பதில்லை. தனபே, சகுராய், இதொஹாரா முதலிய இரும்புப் பிரபுக்களின் குடும்பங்கள் மலைகளையும் காடுகளையும் தமதாக்கிக் கொண்டிருந்தன. உலைத் தொழிலாளர் வெளியூராரோடு அதிகம் கலவாது, பிரபுவின் எல்லைக்குள் அமைந்த குடியிருப்புகளில் வாழ்ந்தனர். துருத்தி மிதிப்போர் ஒருவர் மாற்றி ஒருவராய் இரவு பகலாக மிதித்தனர். ‘மாறி மாறி’ என்பதற்கு யப்பானிய மொழியில் வழங்கும் சொல்லொன்று இத்துருத்தி மிதிப்போரின் பெயரிலிருந்து வந்தது என்பர். யப்பானியனின் ‘பொறுமை’ என்பது இத்தகைய கால்களிற் பழகிய பொறுமை என்பதை நாம் மறத்தலாகாது.

சாக்காய் நகரின் கதை இன்னும் சுவையானது. 1505இல் இலங்கைக்கு வந்த அதே போர்த்துக்கேயர், 1543இல் யப்பானின் தனெகஷிமாத் தீவில் இறங்கினர். துப்பாக்கியை அவர்கள் கொண்டுவந்தனர். புகையிலையும் அவர்கள் வழியே வந்தது. சாக்காய்க் கொல்லர் துப்பாக்கி செய்யக் கற்றனர். பின்னர் புகையிலை அரியும் கத்தி செய்வதிற் பேர் பெற்றனர். தொக்குகாவா ஆட்சி அக்கத்திகளுக்குத் தர முத்திரை இட்டு விற்பனை உரிமையும் அளித்தது. மீன் வெட்டும் தெபாக் கத்தி அப்பட்டறைகளிலிருந்தே பரவிற்று. 1876ஆம் ஆண்டிலே மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தபோது, வாட்கொல்லர் பலர் வேலை இழந்தனர். அவருட் பலர் சமையற் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் திரும்பினர். சாக்காயின் இரும்பு வேலைத்திறன் அத்தோடும் நிற்கவில்லை. சைக்கிள் உறுப்புகளுக்குத் தாவியது. நமது தெருக்களில் ஓடும் கியர் சைக்கிள்களில் நாம் காணும் ஷிமானோ என்னும் பெயர், 1921இல் அதே நகரில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கியதாகும்.

இங்கே மனங்கொள்ள வேண்டியது யாதெனில், தத்தராவை நம்பிக் கத்திக் கொல்லன் பிழைக்கவில்லை என்பதே. இறக்குமதி உருக்கும் ஆலை உருக்கும் தத்தராவை வென்றன. 1920களில் வணிக உலைகள் அணைந்தன. 1977இல் வாட்கொல்லருக்காக ஓர் உலை மீண்டும் மூட்டப்பட்டது. ஆயின், அதே இசுமோப் பிரதேசத்தின் யசுகி நகரிலே 1899இல் தோன்றிய உருக்குத் தொழிலகம் வளர்ந்து, கத்திக்கென்றே தனி உருக்கை வார்த்துத் தந்தது. இன்று சாக்காய்க் கொல்லன் கையால் அடிக்கும் கத்தியின் உருக்கிற் பெரும்பாலானது அங்கிருந்து வரும் ஆலை உருக்கே. கைத்தொழிலை ஆலை விழுங்கிவிடும் என்பது பொதுவான விதி. யப்பானில் ஆலை ஒரு பக்கம் விழுங்கியது, மறுபக்கம் ஊட்டியது. அத்துடன் அரசின் கையும் சேர்ந்தது: மரபுக் கைத்தொழில்களை ஊக்குவிக்கும் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது, 1979இல் எச்சிசென் கத்தியும் 1982இல் சாக்காய்க் கத்தியும் அச்சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றன.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 1901இல் உற்பத்தியைத் தொடங்கிய யவாத்தா உருக்காலையின் முதலீட்டில் ஒரு பகுதி, 1895இல் முடிந்த போரிலே சீனத்திடமிருந்து பறித்த நட்டஈட்டுப் பணம். அதன் உலைக்கு வந்த தாதும் சீனத்துத் தாயே சுரங்கத்திலிருந்து வந்தது. யப்பான் காலனி ஆகவில்லை, காலனி ஆக்கியது. அந்நாட்டுக் கொல்லன் கையில் நல்ல உருக்கு இருப்பதற்கும் அந்நாடு சுதந்திர நாடாக இருந்ததற்கும் தொடர்புண்டு. அந்தச் சுதந்திரத்தின் விலையைக் கொடுத்தவருள் சீன உழைப்பாளியும் ஒருவன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பலாங்கொடைக்குக் கிழக்கே, சமனலவெவ என்னுமிடத்தில், 1980களின் பிற்பகுதியிலே நீர்மின் அணைக்கட்டு ஒன்று எழுந்தது. யப்பானும் பிரித்தானியாவும் நிதி அளித்த திட்டம் அது. வரலாறு சில வேளைகளில் இத்தகைய குறும்புகளைச் செய்வதுண்டு. நீரில் மூழ்கப்போகும் நிலத்தை முன்கூட்டியே ஆராயச் சென்ற தொல்லியலாளர், மலைச் சரிவுகளெங்கும் இரும்புக்கிட்டக் குவியல்களைக் கண்டனர். ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் அவ்வுலைகளை நுணுகி ஆராய்ந்தார். பல உலைகள் மேற்கு நோக்கிய மலை விளிம்புகளில், தென்மேல் பருவக்காற்று அறையும் இடத்தில் அமைந்திருந்தன. துருத்தி இல்லை, மிதிப்பவன் இல்லை. நீண்ட முன்சுவரிலே வரிசையாகப் பொருத்திய ஊதுகுழாய்கள் வழியே, மலையேறி வரும் காற்றே உலையை மூட்டிற்று. காற்றை மட்டும் நம்பி இவ்வாறு இரும்பு உருக்க இயலாது என்று அதுவரை அறிஞர் கருதினர். 1994இல் பழைய மாதிரியிலேயே உலை கட்டி, பருவக்காற்று வீசும் நாளிற் பரிசோதித்தபோது இரும்பு மட்டுமன்று, காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் ஏடு இதனை வெளியிட்டது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் அவ்வுலைகள் எரிந்தன என்பர். இசுமோவில் மனிதக் கால் செய்த வேலையைச் சமனலவெவவிற் காற்றுச் செய்தது. உலைகள் சில இன்று நீர்த்தேக்கத்தின் அடியிலே உள்ளன.

அக்காலத்துப் பாக்தாத்திலே வாள்களைப் பற்றி நூல் எழுதிய அல்-கிந்தி என்னும் 9ஆம் நூற்றாண்டு அறிஞர், உயர்ந்த உருக்கு வரும் நாடுகளுள் ஒன்றாகச் சரந்தீபைக் குறித்துள்ளார். சரந்தீபு நம் இலங்கையே. தமிழ்நாடு, கர்நாடகம், தெலுங்குப் பகுதி, இலங்கை ஆகிய நிலங்களெங்கும், இரும்புத் துண்டுகளைச் சிறு மண்மூசையில் இட்டு, மரச் சீவலோ இலையோ சேர்த்து, வாயை மண்ணால் அடைத்துக் காய்ச்சி உருக்கெடுக்கும் முறை வழங்கிற்று. பலாங்கொடைப் பகுதியில் மூசையிலிட்ட மரம் ஆவாரை. நாம் பூவைப் பறித்துக் குடிநீர் காய்ச்சும் அதே ஆவாரை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய உருக்குக் கட்டிகள் இலண்டன் சென்றபோது, ஸ்ரொடார்ட் என்னும் கத்தி வினைஞர் அதில் மயங்கிப் பேனாக்கத்திகள் செய்தார். பின்னர் அவரும் மைக்கேல் பரடேயும் கூடி அதன் மர்மத்தை அறியப் பல சோதனைகளை நடத்தினர். ஐரோப்பிய உலோக விஞ்ஞானத்தின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று நம் கொல்லனின் மண்மூசை. பாடத்தைக் கற்றவர்க்குப் பெயர் உண்டு. பாடத்தைக் கொடுத்தவனுக்கு இல்லை.

இந்தக் கொல்லன் எவ்வாறு வாழ்ந்தான்? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே கிராமக் கொல்லனைக் கண்முன் நிறுத்துகின்றார். கருவி வேண்டுபவன் இரும்பையும் கரியையும் தானே சுமந்து வர வேண்டும். கொல்லன் உலையின் முன் ஆசனத்தில் அமர்ந்து, ஒரு கையால் இரும்பைப் பிடித்து, மறு கையிற் சிறு சுத்தியலோடு வீற்றிருப்பான். துருத்தி ஊதுவதும் பெரிய சம்மட்டியால் அடிப்பதும் வந்தவனின் வேலை. சாணையில் முதலில் தேய்ப்பதும் அவனே. இறுதிக் கூரை மட்டுமே கொல்லன் ஏற்றுவான். மேலும் கையுறையாக ஏதேனும் கொண்டு வந்து காத்திருக்க வேண்டும். ஏன் இத்துணை செருக்கு என்றால், ஒவ்வோர் ஊரும் தன் கொல்லனிடமே செல்லக் கட்டுப்பட்டிருந்தது. பிறிதொருவனிடம் போக உரிமை இல்லை. அறுவடைக் காலத்தில் அவனுக்கு நெல் அளக்கப்பட்டது.

ஆங்கிலேயக் கைதியின் எரிச்சல் இவ்வருணனையிற் கலந்திருப்பது உண்மையே. இரும்பைச் சுமந்து சென்று காத்திருந்த அனுபவம் அவருக்கே இருந்திருக்கவும் கூடும். எனினும் நமக்கு இதனினும் சிறந்த சாட்சி இல்லை. இதிலிருந்து விளங்குவது யாது? கொல்லனுக்கு ஊர் கட்டுப்பட்டது போலக் கொல்லனும் ஊருக்குக் கட்டுப்பட்டவன். அவன் தொழிலைத் தேர்ந்தவன் அல்லன்; நவந்தன்ன சாதியிற் பிறந்தமையாற் பெற்றவன். யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். வயலுக்குரியவனின் கலப்பைக் கொழுவும் அரிவாளும் சத்தகமும் அடித்துக் கொடுத்த கொல்லன், சூடு மிதிக்கும் காலத்தில் நெல்லுக்காகக் களத்து ஓரத்தில் நின்றான். தேரின் அச்சாணியை அவன் செய்தான். தேர் எந்தத் தெருவால் வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தவன் வேறொருவன். அவன் அறிவு மகனுக்குக் கையோடு கையாகச் சென்றது. ஏட்டில் ஏறவில்லை, மற்றொரு சாதியின் பிள்ளைக்கு எட்டவில்லை. சந்தைக்குச் சரக்குச் செய்தவனுக்கே தன் பெயரைப் பொறிக்கும் தேவை எழும். ஊருக்கு ஒரே கொல்லன் உள்ள இடத்தில் எவன் அடித்தது என்று எவனும் கேட்பதில்லை. பேலியகொடைக் கத்தியிற் பெயர் இல்லாமைக்கு முதற் காரணம் இதுவே. பிரித்தானியரை நோக்கிக் கைநீட்டுவதற்கு முன் இதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசனுக்காகச் செய்தவர் நிலை சற்று வேறு. கண்டியின் நான்கு அரச பட்டறைகளிலே வெள்ளியும் பித்தளையும் இழைத்த ‘பிஹகெத்த’ என்னும் அலங்காரக் கத்திகள் உருவாயின. அவை இன்று நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகளில் உள. மரவள்ளியும் மீனும் வெட்டித் தேய்ந்த கத்திகளுக்குப் பேழை கிடைக்கவில்லை.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தை ஒழித்த அச்சட்டம் தன்னளவிலே வரவேற்கத்தக்கதே. ஆயின் பழைய கட்டை அறுத்தவர்கள் புதிய பற்றுக்கோடு எதனையும் தரவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியன என்றது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் விற்கப்பட்டன. 1885இல் வனச் சட்டம் வந்தது. இரும்பு உருக்குபவனுக்குத் தாதினும் முக்கியமானது கரி. கரிக்கு வேண்டியது காடு. காட்டை இழந்தபோது அவன் உலையை இழந்தான். மறுபுறம் 1856இல் பெஸமர் கண்ட முறையால் உருக்கு மலிந்தது. கொழும்புத் துறைமுகத்தில் அது மலிவாக வந்து இறங்கிற்று. தோட்டங்களின் பல்லாயிரம் கைகளுக்கு வேண்டிய கருவிகளும் கப்பலேறி வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நமது மண்வெட்டி ‘மமொட்டி’ என ஆங்கிலத்திற் புகுந்து, இங்கிலாந்தின் ஆலைகளில் அப்பெயராலேயே உருவாகி, மலையகத்துத் தமிழ்த் தொழிலாளியின் தோளில் வந்து அமர்ந்தது. சொல் நம்முடையது, இரும்பும் இலாபமும் அவர்களுடையவை. நாட்டின் மிகப் பெரிய கருவிச் சந்தை தோட்டமாக இருந்தும், நாட்டுக் கொல்லனுக்கு அதிலே பழுது பார்க்கும் பங்கு மட்டுமே கிடைத்தது.

இவ்வழிவைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த அவர், மண்ணியலாளராகவே பலாங்கொடைப் பகுதிக்குச் சென்றார். அங்கே இரும்பு உருக்கவும் மூசையில் உருக்கெடுக்கவும் அறிந்தோர் ஒரு சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களைக் கொண்டு செய்வித்து, படிப்படியாகக் குறித்து வைத்தார். கல்லைத் தேடிச் சென்றவர் கைத்தொழிலைக் கண்டு திரும்பினார். 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சோசலிஸ்டான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கொல்லனின் உலை முன் குந்தியிருந்து எழுதியதை நாம் எந்நாளும் நன்றியோடு நினைக்க வேண்டும். இன்றைய இனவாதக் கூச்சலிலே சிறப்பாக நினைக்க வேண்டும். ஆயினும் அவர் கண்ட தீர்வை நாம் ஏற்க முடியாது. சாதித் தொழில் முறையிலே அவர் ஓர் ஒழுங்கையும் அழகையும் கண்டார். மொறிஸ் பழங்காலக் கைவினைஞனைப் பார்த்து எதிர்காலப் பொதுவுடைமையைக் கனவு கண்டார். குமாரசுவாமி பழங்காலத்தையே கனவு கண்டார். உலையின் அழகை எழுதியவர், களத்து ஓரத்தில் நெல்லுக்கு நின்றவனின் மனத்தை எழுதவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நாம் என்ன செய்தோம்? 1960களிலே சோவியத் உதவியோடு ஒருவலவில் உருக்குக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அன்று இடதுசாரி இளைஞர் பலர் அதனைப் பெருமையோடு சென்று பார்த்தனர், பெருமைக்குரியதுதான். ஆயின் அங்கே உருண்டு வந்தவை கட்டடக் கம்பிகளும் கம்பிச் சுருள்களும். கம்மாலைக்கு வேண்டிய கருவி உருக்கை எவரும் திட்டத்திற் சேர்க்கவில்லை. 1990களில் அவ்வாலையும் தனியார் கைக்கு மாறிற்று. யசுகி சாக்காய்க்குச் செய்ததை ஒருவல எந்தக் கம்மாலைக்கும் செய்யவில்லை. எனவே நமது கொல்லன் தன் உருக்கைக் குப்பையிலே தேடினான். யப்பானிலிருந்து பழைய லொறிகள் வந்தன. அவை நம் மலைப்பாதைகளிற் பாரம் சுமந்து ஸ்பிரிங் முறிந்தன. முறிந்த தகடு அவனுக்குச் சுரங்கமாயிற்று. எந்த உருக்கு, எவ்வளவு காபன் என்று எழுதிய சீட்டு எதுவும் அதனோடு வருவதில்லை. கனலின் நிறத்தைப் பார்த்தே அவன் அளவறிகின்றான். ஒரு துண்டைத் தோய்த்து முறித்துப் பார்த்து அதன் இயல்பை உணர்கின்றான். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் ஆய்வு நடைபெறுகின்றது.

அந்த ஆய்வின் முடிவு தாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சாக்காயின் கடின உருக்குக் கத்தி, தோலுரித்த மீனைக் கண்ணாடி போல் சீவும். அதனைக் கொண்டு பெரிய சூரையின் முள்ளந்தண்டில் ஓங்கி அடித்தால் வாய் உதிரும். அதற்கென்றே அங்கும் தெபாவைத் தடிப்பாகச் செய்கின்றனர். காபன் குறைந்த ஸ்பிரிங் உருக்குக் கத்தியோ நாளெல்லாம் எலும்பில் அடிபட்டும் உதிராது. மழுங்கும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தாற் கூராகும். நான் அங்கே நின்ற அரை மணி நேரத்திற்குள் அந்த மனிதர் இரண்டு முறை கல்லில் இழுத்துக் கொண்டார். கத்தி தேய்ந்தால் என்ன செய்வீர் என்று கேட்டேன்.

“இன்னும் ரெண்டு வருசம் ஓடும் சேர். பிறகு திரும்பக் கம்மாலைக்குக் குடுத்துச் சின்னதா அடிச்சு வீட்டுக்குக் கொண்டு போவன். வீட்டில மரக்கறி வெட்டலாம்.”

“அதே கம்மாலை இருக்கிறதா?”

“அது மூடியாச்சு. வேற எங்கயாவது பார்க்கணும்” என்றபடி அடுத்த சூரையைக் கட்டையின் மேல் இழுத்துப் போட்டார்.